சாம்பல் தேய்த்த கெளுத்தி

கோவில்பட்டி
1.9.2025

அன்புள்ள கோபாலுக்கு,

ஹக்கீம் எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம். செண்பகவல்லி தங்கச்சியும் பிரித்திகாவும் ஆடுகளும் நலம்தானே? உன் நலத்தை மட்டும் தனியாக விசாரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை என் கடை வாசலில் நின்று நீ போட்ட சத்தத்திலேயே உன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

நான்கு நாளாகப் போன் அடிக்கிறேன். ஒரு மணிகூட ஒலிக்காமல் கட் ஆகிறது. பிரித்திகாவை வைத்து என் நம்பரை பிளாக் செய்திருக்கிறாய். சரி. தபால்காரரை பிளாக் செய்ய இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. அதனால் தபால் ஆபீசில் போய் இன்லண்ட் லெட்டர் கேட்டேன். அங்கிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அலமாரியின் அடியில் கையை விட்டுத் தேடி எடுத்துத் தந்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன தை மாதம் உன் பண்ணைக்குட்டைக்கு நான் கொடுத்தது நாட்டுக் கெளுத்திக் குஞ்சு. அரசாங்கம் தடை செய்திருக்கிற ஆப்பிரிக்கக் கெளுத்தி அல்ல. வாங்கியதும் உன்னிடம் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. என் கடையில் பின்பக்கம் கருப்பு பெயின்ட் அடித்த கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறதே, அதில் ஒரு வாரம் போட்டு வைத்து, தினமும் வண்ண மீனுக்குத் தீனி போடும்போதெல்லாம் பார்த்தேன். காப்பிக்கொட்டையை வறுத்த நிறம். வால் பக்கம் ஊசியால் குத்தியது போலப் பொடி வெள்ளைப் புள்ளி. நாட்டுக் கெளுத்திக்கு அதுதான் நிறம். பத்தொன்பது வருடமாக மீன் கடை வைத்திருக்கிறேன், கோபால். எட்டயபுரம் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கா நான் தடை செய்த மீனைத் தருவேன்?

நீ என்னைக் கள்ளன் என்று சொன்னாய். கடையில் அப்போது ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அது எனக்கு மிகவும் வலித்தது. அதைப் பிறகு பேசுவோம். முதலில் உன் குட்டையில் இருப்பது என்ன நிறம் என்று எனக்கு எழுது. நீ பார்த்ததை எழுது, ஊரார் சொன்னதை அல்ல. அதுவரை, குட்டையில் கொட்டி மீனைக் கொல்லப்போவதாகச் சொன்ன அந்தப் பிளீச்சிங் பவுடர் மூட்டையை வீட்டுப் பக்கம் கொண்டுவராதே.

அன்புடன்,
ஹக்கீம்


மேலக்கரடுபட்டி
புதூர் வழி
6.9.2025

திரு. ஹக்கீம் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. என் மகள் பிளாக் செய்யவில்லை. நானே செய்தேன். அந்த அளவுக்கு எனக்கும் போன் தெரியும்.

நிறம் கேட்டிருந்தீர்கள். மேலெல்லாம் சாம்பல். அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கருப்புத் திட்டு. கருப்பும் வெள்ளையும் கலந்த ஆட்டை மறை ஆடு என்று சொல்வோமே, அந்த மாதிரி. நான் ஆடு மேய்க்கிறவன், உருப்படியின் நிறம் பார்க்க எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். இருட்டில் வருகிற கன்னி இன ஆட்டின் முகக்கோடு வெள்ளையா சிவப்பா என்று சொல்வேன். காப்பிக்கொட்டையும் இல்லை, புள்ளியும் இல்லை. பிரித்திகா அதைப் போனில் படம் எடுத்தாள். படத்தில் மீன் நீலமாக இருக்கிறது. என் மனைவி செண்பகம் வயிறு மஞ்சள் என்கிறாள். இப்படி ஆளுக்கொரு நிறம் சொன்னாலும், காப்பிக்கொட்டை என்று சொல்வது உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

ஆவணி பிறந்த புதிதில் குழம்புக்கு நாலு மீன் பிடித்து வீட்டுத் தொட்டியில் போட்டிருந்தபோதுதான் சுடலைராஜ் வந்தார். எங்கள் கண்மாயின் மீன் குத்தகை அவருடையது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "அண்ணாச்சி, இது ஆப்பிரிக்கன்லா? சாம்பலும் திட்டுமா இருக்கு பாரும். மழை பெஞ்சு ஒம்ம குட்டை நெறஞ்சு மறுகாப் போச்சுன்னா, இது நேரா கண்மாய்க்குள்ள ஏறும். அப்புறம் அங்கன ஒரு அயிரைகூட மிஞ்சாது" என்றார். குட்டைக்கும் கண்மாய்க்கும் நடுவில் ஒரு வண்டிப்பாதைதான் இருக்கிறது என்பது தங்களுக்கும் தெரியும். ஈரத்தில் அந்த மீன் தரையிலேயே ஊர்ந்து போகும் என்பதும் தெரியும்.

ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்கள். ஐப்பசி பிறப்பதற்குள் குட்டையில் பிளீச்சிங் பவுடர் கொட்டி எல்லாவற்றையும் கொன்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் அதிகாரிகளுக்கு எழுதிப் போடுவார்கள். கோடை முழுவதும் போர்வெல் தண்ணீர் விட்டு, ஆட்டுப்புழுக்கையும் தவிடும் போட்டு, பிள்ளையைப் போல வளர்த்தேன். அந்தக் கூட்டத்தில் நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். என் அப்பாவும் அப்படி உட்கார்ந்ததில்லை.

தாங்கள் பதில் எழுதச் சிரமப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
கோ. கோபாலசாமி


கோவில்பட்டி
10.9.2025

அன்புள்ள கோபாலுக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். எழுதிவிட்டேன். என்ன செய்வாய்?

திருவாம், அவர்களாம், தாங்களாம். என் கல்யாணப் பத்திரிகையில்கூட எனக்கு இவ்வளவு மரியாதை போடவில்லை. வீட்டில் பாத்திமுத்துவிடம் படித்துக் காட்டினேன். "அவிய மரியாதையாத்தான எழுதியிருக்காவ, அதுக்கேன் மூஞ்சி இப்படிப் போகுது?" என்று கேட்கிறாள். உனக்கும் எனக்கும் நடுவில் மரியாதை வந்தால் அது சாவுச் செய்தி மாதிரி என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது?

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் அக்கா மகள் ஜன்னதுல் பிர்தௌஸுக்குப் போன் போட்டேன். கொச்சியில் மீனைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறாள். நீ சொன்ன சாம்பல், நான் சொன்ன காப்பிக்கொட்டை, செண்பகவல்லி சொன்ன மஞ்சள், படத்தில் உள்ள நீலம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சிரித்துவிட்டாள். "மாமா, நிறத்தைப் பாத்துச் சட்டை வாங்குங்க. மீனு என்ன மீனுன்னு முடிவு பண்ணாதீங்க" என்றாள்.

அவள் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். கெளுத்தி இருக்கிற இடத்துக்குத் தக்கபடி நிறம் மாறுமாம். கருப்புத் தொட்டியில் கருக்கும். வெளிர் நிறத் தொட்டியில் போட்டால் கொஞ்ச நேரத்தில் வெளுக்கும். குஞ்சில் இருக்கிற புள்ளி வளர்ந்ததும் மங்கும். சாம்பல் திட்டு ஆப்பிரிக்கன் என்பதும், காப்பி நிறம் நாட்டு மீன் என்பதும் பெரும்பாலும் சரி. ஆனால் பெரும்பாலும் சரி என்பதை வைத்து ஒரு குட்டையைக் கொல்லக்கூடாது என்கிறாள். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது.

மாறாதது மண்டை எலும்பு. மீனின் தலைக்கு மேலே கட்டைவிரலை வைத்து முதுகுப் பக்கமாகத் தடவு. தலை எலும்பு முடிகிற ஓரம் தட்டுப்படும். அந்த ஓரம் உன் நகத்தின் நுனி போல வளைந்து உருண்டிருந்தால் நாட்டு மீன். நடுவில் கூராக முனை நீண்டிருந்தால் ஆப்பிரிக்கன். இதற்குக் கண்ணே வேண்டாம், விரல் போதும்.

உருண்டைதான் இருக்கும். நான் சொல்கிறேன், இருக்கும். தடவிப் பார்த்து எழுது. அந்தச் சாம்பல் நிறத்தை நீ எங்கே வைத்துப் பார்த்தாய் என்பதையும் எழுது. இதற்கு ஒரு முடிவு தெரியாமல் நான் விடப்போவதில்லை.

உன்,
ஹக்கீம்


மேலக்கரடுபட்டி
19.9.2025

ஹக்கீமுக்கு,

புரட்டாசி பிறந்துவிட்டது. எங்கள் வீட்டில் இந்த மாதம் கவுச்சி கிடையாது என்பது தெரியும் அல்லவா? மீனைப் பிடித்துவந்து வீட்டில் வைத்துத் தடவிப் பார்க்கிறேன் என்றேன். செண்பகம் அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. வாசல்படி தாண்டி ஒரு செதில் வரக்கூடாது என்றாள். கெளுத்திக்குச் செதில் இல்லை என்று சொன்னேன். அதற்கும் திட்டு வாங்கினேன்.

தொடுவது தப்பில்லை, அடுப்பில் ஏற்றுவதுதான் தப்பு என்று பெருமாளிடம் நானே பேசி முடித்துக்கொண்டு, குட்டைக்குப் போனேன். வலையை வீசிக் கரையிலேயே வைத்துப் பார்த்தேன்.

ஹக்கீம், அது சாம்பல் நிறம் இல்லை. மழை பெய்து உழுத கரிசலைப் போலக் கன்னங்கரேலென்று இருக்கிறது. திட்டு இல்லை. ஒன்றின் வால் பக்கம் பொடியாக வெள்ளைப் புள்ளிகூட இருந்தது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆவணியில் நான் பார்த்த மீன் எங்கே போனது? என் கண்ணுக்கு என்ன ஆயிற்று? சாயங்காலம் ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டு வந்து இதைச் செண்பகத்திடம் புலம்பினேன்.

அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "இதுல என்ன அதிசயம்? நாந்தான சாம்பலப் போட்டுத் தேய்க்கேன். தேய்க்காமப் போட்டா வழுவழுன்னு கையவிட்டு நழுவும்லா? கிணத்தடியில வச்சுச் சாம்பலத் தடவி, பொறவுதான தொட்டியில போடுதேன்."

அவளுடைய அம்மா வீட்டு வழக்கமாம். குழம்பு வைக்கும் வரை உயிரோடு இருக்கட்டும் என்று தொட்டியில் விடுவாள், விடுவதற்கு முன் ஒரு தடவை சாம்பல் போட்டு உருவுவாள். கருப்புத் திட்டு என்று சுடலைராஜும் நானும் ஊர்க்கூட்டமும் பேசியது முழுக்க அவளுடைய விரல் பட்டுச் சாம்பல் விட்டுப்போன இடம். தொட்டி நீல பிளாஸ்டிக். படம் நீலமாக இருந்ததும் அதனால்தான். "என்கிட்ட யாராவது கேட்டியளா? ஆம்பளையள் பத்துப் பேரு கூடிப் பேசினீய" என்றும் சொன்னாள்.

மண்டையைத் தடவவில்லை. தடவப் போனபோது மீன் பக்கவாட்டு முள்ளால் உள்ளங்கையில் ஒரு குத்து குத்திவிட்டது. கை வீங்கியிருக்கிறது. எழுத்துக் கோணலாக இருப்பது அதனால்தான், அன்பினால் அல்ல. நாளைக்குச் சுடலைராஜிடம் போய் நிறத்தைச் சொல்லப்போகிறேன்.

கோபாலசாமி


கோவில்பட்டி
23.9.2025

ஏலே கோபால்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையில் தனியாக நின்று சிரித்தேன். தங்கமீன் வாங்க வந்தவர் பயந்துபோய் அடுத்த கடைக்குப் போய்விட்டார். சாம்பலாம்! பெரிய ஊர்க்கூட்டம், பெரிய தீர்ப்பு, கடைசியில் ஒரு கைப்பிடி அடுப்புச் சாம்பல். செண்பகவல்லி தங்கச்சிக்கு என் சலாம் சொல். இந்தக் கடிதத்தோடு புதூர் பஸ் கண்டக்டரிடம் கடலைமிட்டாய் கொடுத்து விட்டிருக்கிறேன். அது முழுக்க அவளுக்கு. உனக்கு ஒன்று கொடுத்தாலும் நான் கேட்பேன்.

நான் சொன்னேனா இல்லையா? காப்பிக்கொட்டை, வெள்ளைப் புள்ளி. உன் குட்டைச் சேற்றில் கொஞ்சம் கூடுதலாகக் கருத்திருக்கிறது, அவ்வளவுதான். இனி நீ மண்டையைத் தடவி முள் குத்து வாங்க வேண்டியதில்லை. என் வார்த்தை பலித்துவிட்டது. சுடலைராஜ் ஊர்க்கூட்டத்தைத் திரும்பக் கூட்டி, கோபாலசாமி குட்டையில் இருப்பது நாட்டு மீன் என்று சொல்ல வேண்டும். நீ ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து என் கடைக்கு வந்து, போன தடவை நின்ற அதே இடத்தில் நின்று, ஹக்கீம் கள்ளன் இல்லை என்று சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால் போதாது. போன தடவை போட்ட சத்தம் வேண்டும்.

ஜன்னத் நேற்றுப் போன் செய்தாள். சாம்பல் கதையைச் சொன்னேன். ரசித்தாள். "மண்டையைத் தடவிப் பாத்தாங்களா மாமா?" என்று கேட்டாள். இனி எதுக்கு என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

கைக்கு மஞ்சள் பற்றுப் போடு.

உன் மாப்பிள்ளை,
ஹக்கீம்


மேலக்கரடுபட்டி
29.9.2025

ஹக்கீம்,

சிக்னல் போகவில்லை. அந்தப் பிள்ளை உன்மேல் வருத்தப்பட்டிருக்கிறாள். நியாயமான வருத்தம்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் சுடலைராஜைப் பார்க்கக் கிளம்பினேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். நிறத்தை வைத்து அவர் ஆப்பிரிக்கன் என்றார், நம்பினேன், தலை குனிந்தேன். இப்போது நிறத்தை வைத்தே நாட்டு மீன் என்று தலை நிமிர்ந்து சொல்லப் போகிறேன். சாம்பல் என்னை அந்தப் பக்கம் ஏமாற்றியது என்றால், சேறு இந்தப் பக்கம் ஏமாற்றாதா? ஆடு வாங்கப் போனால் நிறம் கடைசியில்தான் பார்ப்போம். முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்போம். மீன் விஷயத்தில் எனக்கு அந்தப் புத்தி எங்கே போனது? திரும்பிவிட்டேன்.

கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கட்டைவிரலை மட்டும் வெளியே விட்டு, மறுபடி குட்டையில் இறங்கினேன். முதல் மீன் உருண்டை. இரண்டாவதும் உருண்டை. எனக்குச் சந்தோஷத்தில் வாய்விட்டுப் பாட்டே வந்தது. அதற்கடுத்த மீனில் விரல் இடித்தது. கூர். திரும்பத் திரும்பத் தடவினேன், கூர்தான். உருண்டை மண்டையையும் கூர் மண்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே சேற்றில் ஒரே கருப்பு. புள்ளி என்று நான் நினைத்ததில் சிலது, துணியால் துடைத்ததும் போய்விட்டது. மத்தியானம் வரை தடவினேன். நாட்டு மீனும் இருக்கிறது, ஆப்பிரிக்கனும் இருக்கிறது, ஹக்கீம். நீ கொடுத்த பையிலேயே இரண்டும் கலந்துதான் வந்திருக்க வேண்டும். வேறு எங்கிருந்தும் என் குட்டைக்குள் மீன் வரவில்லை.

உன்மேல் கோபமா என்று கேட்டால், ஆச்சரியமாக இருக்கிறது, கோபம் இல்லை. பயம்தான் இருக்கிறது. மேற்கே மேகம் கட்டத் தொடங்கிவிட்டது.

பிளீச்சிங் பவுடர் கொட்டினால் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு மண்டை எலும்பு தெரியாது, எல்லாவற்றையும் கொல்லும். நான் அதைச் செய்யப்போவதில்லை. நாட்டு மீன் ஒரு பாவமும் செய்யவில்லை. தண்ணீரை உளுந்துப் பயிருக்கு இறைத்துவிட்டு, முழங்கால் மட்டத்துக்கு வந்ததும் ஒவ்வொரு மண்டையாகத் தடவிப் பிரிக்கப்போகிறேன். ஊரில் ஆள் கூப்பிட்டேன். புரட்டாசியில் மீனைத் தொட ஒருத்தரும் வர மாட்டேன் என்கிறார்கள். ஐப்பசிக்குக் காத்திருந்தால் மழை காத்திருக்காது. தனியாகவே செய்வேன். செண்பகம் கரையில் நின்று வாளி எடுத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். மீனைத் தொட மாட்டாளாம், வாளியைத் தொடுவாளாம்.

நீ ஆறுதல் ஒன்றும் எழுத வேண்டாம். தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன்.

கோபால்


கோவில்பட்டி
2.10.2025

கோபால்,

கடிதம் கிடைத்ததும் கடையின் பின்பக்கம் போனேன். அந்தக் கருப்புத் தொட்டியில் உனக்குக் கொடுத்த அதே லோடில் வந்த மீன் கொஞ்சம் இன்னும் இருக்கிறது. விற்காமல் தேங்கி வளர்ந்துவிட்டவை. ஒவ்வொன்றாக எடுத்துத் தடவினேன். தினமும் தீனி போட்டு, தினமும் பார்த்து, எல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தேன். அதில் பாதி கூர்.

தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தேன், கோபால். எனக்குக் குஞ்சு தந்த வியாபாரிக்குப் போன் போட்டேன். "பாய், சின்னதுல எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும், யாரு பிரிச்சுப் பாக்குதா?" என்றான். அவனைத் திட்ட வாயெடுத்தேன். என் கடையில் நானும் பிரித்துப் பார்க்கவில்லை என்பது நினைவு வந்தது, போனை வைத்துவிட்டேன். உன்னை வெள்ளிக்கிழமை வந்து கத்தச் சொல்லி எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. படிக்கிறபோது பிரித்திகா பக்கத்தில் இருந்தாளா? வெட்கமாக இருக்கிறது.

அதே குஞ்சை ஓட்டப்பிடாரம் பக்கம் ஒருவருக்கும், எட்டயபுரத்தில் ஒருவருக்கும் கொடுத்திருக்கிறேன். இன்று காலை கடைக் கதவில் ஒரு அட்டை எழுதி மாட்டினேன். "இங்கே கெளுத்திக் குஞ்சு வாங்கியவர்கள் உடனே என்னிடம் சொல்லவும். அதில் தடை செய்த மீன் கலந்திருக்கிறது. நானே வந்து பிரித்துத் தருவேன். ஹக்கீம்." பாத்திமுத்து படித்துவிட்டு, இதற்குப் பிறகு யார் நம் கடைக்கு வருவார்கள் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். ஆனால் அட்டையைக் கழற்றவில்லை. நாளைக்கும் நாளை மறுநாளும் அந்த இரண்டு இடத்துக்கும் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் உன் ஊருக்கு வருகிறேன். பெரிய வலை, இரண்டு ஜோடி தடித்த கையுறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் கொண்டுவருகிறேன். எனக்குப் புரட்டாசி கிடையாது. வராதே என்று நீ எழுதினாலும் அந்தக் கடிதம் என் கைக்கு வருவதற்குள் நான் உன் குட்டைக்குள் நிற்பேன். நம்பரை அடைத்த மாதிரி வண்டிப்பாதையை அடைத்துவிடாதே.

கள்ளன் என்று நீ சொன்னது பற்றி இனி நான் கேட்க மாட்டேன்.

ஹக்கீம்


மேலக்கரடுபட்டி
27.10.2025

அன்புள்ள மாப்பிள்ளை ஹக்கீமுக்கு,

உன் நம்பரை நீ வந்த அன்றைக்கே திறந்துவிட்டேன், உனக்கும் தெரியும். இருந்தாலும் கடிதம் எழுதுகிறேன். போனில் என்றால் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ பத்துப் பேசுவாய். கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது.

கை எப்படி இருக்கிறது? கையுறையைக் கொண்டுவந்தவனே அதைக் கழற்றி வைத்துவிட்டு, "வெறும் விரல்லதான் சரியாத் தெரியுது" என்று சொல்லி, முதல் நாளே இரண்டு உள்ளங்கையிலும் குத்து வாங்கினாய். அடுத்த நாள் வீங்கிய கையோடு திரும்பவும் இறங்கினாய். செண்பகம் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கூர் மண்டைகளைக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவியபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். எனக்கும் அழுகை வந்தது. நானும் வேறு பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். கடைசி நாள் சுடலைராஜ் கரையில் வந்து நின்றாரே, நின்று பார்த்துவிட்டுக் குட்டைக்குள் இறங்கினாரே, அது பாதிக் கதைதான். மறுநாள் காலையில் வாளியோடு என் வீட்டு வாசலில் நிற்கிறார். "அண்ணாச்சி, அந்த உருண்டை மண்டையில கொஞ்சம் தாரும். கண்மாயில விடுதேன். எங்க அய்யா காலத்துல இருந்துச்சு, இப்பம் காணோம்" என்றார். கொடுத்தேன். கொடுக்கும்போது சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றையும் தன் கட்டைவிரலால் தடவிப் பார்த்துத்தான் வாளியில் விட்டார். எனக்கு அது கொஞ்சமும் கோபமாக இல்லை.

போன வாரம் நல்ல மழை. விடிகிற நேரத்தில் குட்டை நிறைந்து மறுகால் போனது. ஊரில் பாதிப்பேர் வண்டிப்பாதையில் வந்து நின்று தண்ணீர் கண்மாய்க்குள் இறங்குவதைப் பார்த்தார்கள். நீ கட்டிவிட்டுப் போன வலை வாய்க்கால் வாயில் விறைப்பாக நின்றது. அதில் இலையும் தழையும்தான் சிக்கியிருந்தன. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாம் இறைத்த பிறகும் சேறு மிச்சம் இருந்தது. கெளுத்தி சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் ஜாதி. ஒன்றிரண்டு கூர் மண்டை நம் விரலுக்குத் தப்பி அங்கே படுத்திருக்கலாம். அதனால் வலையை அவிழ்க்கப் போவதில்லை. பங்குனியில் தண்ணீர் வற்றும்போது மறுபடி இறங்க வேண்டும். அடுத்த வருடமும் இறங்க வேண்டியிருக்கும். ஒரு வருடம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று ஆகும் வரை இறங்குவோம். நீ வர வேண்டும். இது விருந்துக்கு அழைப்பு இல்லை, உன் வேலை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் கடைக்கு வருகிறேன். கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். நீ கேட்காவிட்டாலும் நான் சொல்லியாக வேண்டும். தெரியாமல் கொடுத்தவன் கள்ளன் இல்லை. தெரிந்ததும் கதவில் அட்டை எழுதி மாட்டியவனைக் கள்ளன் என்று சொன்ன வாய் என் வாய். நாலு பேர் முன்னால் சொன்னதை வீட்டுக்குள் வைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டால் கணக்கு ஆகாது. சத்தமாகவே சொல்வேன், கவலைப்படாதே. அட்டையைப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஆள் குறைந்துவிட்டது என்று பாத்திமுத்து செண்பகத்திடம் சொன்னாளாம். சுடலைராஜும் என்னோடு வருகிறார். கண்மாய்க்குக் குஞ்சு விட இனி உன்னிடம்தான் வாங்குவாராம். தடவிப் பார்த்துத்தான் வாங்குவாராம்.

கடைசியாக ஒரு சேதி. நம் பழைய கன்னி ஆடு நேற்று ஒரு கிடாய்க்குட்டி போட்டிருக்கிறது. வருகிற பக்ரீத்துக்கு ஒரு வயது நிறையாது, அதற்கடுத்த பக்ரீத்துக்குத்தான் ஆகும். அதுவரை உன் வீட்டுக்கென்று என் பட்டியில் வளரும்.

என்ன நிறம் என்று கேட்பாய். எழுத மாட்டேன். போட்டோவும் அனுப்ப மாட்டேன். பஸ் ஏறி வந்து, கையில் தூக்கிப் பார்த்துக்கொள்.

உன்,
கோபால்